கைதை, கேதகி, கேவ்டா: ஒரு மலிவான மணத்தின் வரலாறு

வட இந்திய நகரங்களின் தர்கா வாயில்களிலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூட்டம் கலையும் நடைபாதைக் கடைகளிலும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் விற்கப்படும் அத்தர்களுள் கேவ்டா எளிதில் அடையாளம் காணக்கூடியது. ரோஜா அத்தர் மெல்ல நெருங்கும். வெட்டிவேர் அத்தரை முகர்ந்து உணரச் சற்று நேரம் வேண்டும். கேவ்டா அப்படியன்று. மூடி திறந்த கணத்திலேயே கடை முழுவதும் அறிந்துவிடும். இனிப்பும் பச்சை வாடையும் கலந்த, தேனுக்கும் பழத்துக்கும் இடைப்பட்ட, ஓங்கிய மணம் அது. நயமான வாசனை என்று அதைச் சொல்வோர் குறைவு. மலிவான வாசனை என்று முகம் சுளிப்போர் மிகுதி. பாலினிப்பிலும் பிரியாணியிலும் பான் மசாலாவிலும் அதே மணத்தை அவர்கள் அன்றாடம் உட்கொள்கிறார்கள் என்பது வேறு செய்தி.

கேவ்டா என்பது தாழம்பூ. இந்தச் சமன்பாடு தமிழ் வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். பிரியாணிக்குக் 'கேவ்ரா வாட்டர்' வாங்குபவர் எல்லோரும் அதைக் கொல்லைப்புறத் தாழையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. வட இந்தியச் சந்தையிலிருந்து புட்டியில் அடைபட்டு வேறொரு பெயரோடு வந்ததால், சொந்தக் கடற்கரையில் வேலியாக நிற்கும் செடி அயல்நாட்டுச் சரக்குப் போலத் தோன்றுகிறது. பெயர் மாறினால் பொருள் மாறிவிட்டதாக எண்ணும் இம்மயக்கம் இந்தச் செடியின் வரலாறு நெடுகிலும் காணப்படுவது.

சமஸ்கிருதத்தில் கேதகம், கேதகி. பிராகிருதத்தில் இடைநின்ற தகரமும் ககரமும் தேய்ந்தன. அத்தேய்ந்த வடிவத்தோடு டகர விகுதி சேர்ந்து மராத்தியில் கேவடா, குஜராத்தியில் கேவடோ, இந்தியில் கேவ்ரா என்னும் வடிவங்கள் கிளைத்தன. விகுதி சேராமல் நின்ற கிளை வங்காளத்தில் கேயா என்றும் ஒடிசாவில் கியா என்றும் வழங்குகிறது. தெலுங்கின் மொகலி இக்குடும்பத்தைச் சேராதது. தமிழின் தாழையும் அவ்வாறே. ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கைதை, கைத என்னும் சொற்கள் கேதகத்துக்கு மிக அருகில் நிற்கின்றன. வடமொழிச் சொல்லே திராவிட மூலத்திலிருந்து சென்றது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. செடி கடற்கரைச் செடி என்பதையும், அதன் மிகச் செழித்த இடங்கள் தென்கடற்கரைகள் என்பதையும் எண்ணிப் பார்த்தால் அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1679இல் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இரண்டாம் தொகுதியில் இச்செடியும் இதன் இனங்களும் 'கைத' என்னும் மலையாளப் பெயரோடுதான் இலத்தீன் உலகுக்கு அறிமுகமாயின. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த அன்னாசியைக் கண்ட மலையாளிகள், தாழையின் காயை ஒத்திருந்ததால் அதைக் கைதச்சக்கை என்றே அழைத்தனர். ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டு புதியதற்குப் பெயரிடும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இன்னும் வியப்பானது அரபுக் கரையில் நிகழ்ந்தது. லின்னேயஸின் மாணவரும் டென்மார்க்கின் அரேபியப் பயணக் குழுவில் இடம்பெற்றவருமான பீட்டர் ஃபோர்ஸ்கோல், ஏமனில் இச்செடியைக் கண்டு பதிவு செய்தார். 1763இல் அங்கேயே நோயுற்று இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை உடன் சென்ற கார்ஸ்டன் நீபூர் 1775இல் நூலாக்கினார். அதில் செடிக்கு இடப்பட்ட பெயர் 'கேயுரா ஓடோரிஃபெரா'. முதற்பகுதியில் ஒலிப்பது இந்தியச் சந்தைப் பெயராகிய கேவ்ராதான் என்று கொள்ளத் தடையில்லை. இன்று தாவரவியலார் ஏற்கும் 'பாண்டனஸ் ஓடோரிஃபர்' என்னும் பெயரின் பிற்பகுதி அந்தப் பதிவிலிருந்தே வருகிறது. முற்பகுதியோ மலாய் மொழியின் பாண்டான். ஆக, ஒரு செடியின் அறிவியற்பெயர் வரலாற்றுக்குள் மலாய் மீனவரும் மலபார் வைத்தியரும் இந்துமாக்கடல் வணிகரும் அடுத்தடுத்து வந்து நின்றிருக்கின்றனர்.

இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பூ இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நூலாசிரியர்களையும் விட்டுவைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் மணமலர்ப் பட்டியலில் கேத்கியும் கேவ்ராவும் தனித்தனியே இடம்பெறுகின்றன. ஆயுர்வேத நூலான 'பாவப்பிரகாசம்' கேதகத்தையும் பொற்கேதகியையும் பிரித்துப் பேசுகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் தாழையும் கைதையும் இரண்டாகவே வருகின்றன. அங்கே தாழை என்பதற்குத் தெங்கின் பாளை என்று பொருள் கண்டு நச்சினார்க்கினியர் சிக்கலைத் தீர்த்தார். உரையாசிரியரின் சாமர்த்தியம் அது. பட்டியலில் கூறியது கூறல் என்னும் குற்றம் நிகழாமல் காத்துக்கொண்டார்.

தாவரத்தில் உண்மையாகவே ஓர் இருமை உண்டு. தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வெண்மஞ்சள் மடல்களுக்குள் பொதிந்து மணப்பது ஆண் பூங்கொத்து மட்டுமே. பெண் செடியில் அன்னாசி வடிவக் காய் தோன்றும். வாசனைத் தொழிலுக்கு அதனால் பயனில்லை. வடமொழிக் கவிகள் பெண்பாற் சொல்லாகிய கேதகியை மணத்தின் உருவமாக வருணித்து மகிழ்ந்தனர். செடியோ அந்த இலக்கணப் பாலைப் பொருட்படுத்தவில்லை.

புராணமும் இப்பூவிடம் கடுமையாகவே நடந்துகொண்டது. சோதித்தூணின் முடியைக் கண்டதாகப் பிரமன் உரைத்த பொய்க்குத் தாழம்பூ சான்று சொன்னது. சிவன் சினந்து தன் பூசையிலிருந்து அதை விலக்கினான். திருவண்ணாமலையோடு இணைத்துத் தமிழகம் நன்கறிந்த கதை இது. பாம்பு குடியிருக்கும் புதர் என்ற அச்சமும் நாடெங்கும் பரவியுள்ளது. இத்தனைக்கும் மேலாக இலையின் இரு ஓரங்களிலும் நடுநரம்பிலும் முள். கோயில் விலக்கிய, கை வைத்தால் கீறும், பாம்பு பதுங்கும் ஒரு புதர் எவ்வாறு துணைக்கண்டம் முழுவதும் பரவிய வாசனைச் சரக்காயிற்று? விடையின் ஒரு பகுதி அந்த மணத்தின் ஓங்கிய குரலிலேயே இருக்கிறது. சிறிதளவு போதும். ஒரு சொட்டு ஒரு பானைப் பாகை மணக்கச் செய்யும். விலை குறைந்த சரக்கில் இதைவிட வேண்டப்படும் பண்பு வேறில்லை.

ரோஜா அத்தருக்கு அரண்மனைப் பிறப்புக் கதை உண்டு. நூர்ஜஹானின் தாய் பன்னீர் வடிக்கையில் மேலே மிதந்த எண்ணெயைக் கண்டெடுத்தார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பெருமையோடு எழுதினார். கேவ்டாவுக்கு அப்படிப் புகழ்பெற்ற கதை ஏதும் இல்லை. அதன் வரலாறு தொழிலாளர் வரலாறு. இடம், ஒடிசாவின் தென்கடற்கரை மாவட்டமாகிய கஞ்சம். பிரம்மபூர், சத்திரபூர், ரங்கைலுண்டா, சிக்கிடி வட்டாரங்களின் மணற்பாங்கான நிலத்திலும் வாய்க்கால் கரைகளிலும் வயல் வேலிகளிலும் தாழை அடர்ந்து நிற்கிறது. இந்தியாவில் வடிக்கப்படும் தாழம்பூ எண்ணெயின் மிகப்பெரும் பகுதி இந்த ஒரு மாவட்டத்திலிருந்தே வருகிறது. 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா மாகாணம் உருவாகும் வரை கஞ்சம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். கியா என்னும் ஒடியப் பெயரும் மொகலி என்னும் தெலுங்குப் பெயரும் ஒரே ஊரில் கேட்கப்படும் இருமொழி நிலம் அது.

பூ கஞ்சத்தில் இருந்தது. வடிக்கும் கலை கன்னோசியில் இருந்தது. உத்தரப்பிரதேசத்துக் கன்னோசிக்கும் கஞ்சத்துக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. காய்ந்த வெட்டிவேரை மூட்டை கட்டி அனுப்பலாம். தாழம்பூவை அனுப்ப இயலாது. பறித்த சில மணி நேரத்தில் மணம் கரைந்துவிடும். எனவே பூ வாலைக்குச் செல்லவில்லை. வாலை பூவைத் தேடி வந்தது. கன்னோசி மரபில் வந்த வடிப்போர் செம்புக் கொப்பரைகளோடு ஒடியக் கடற்கரைக்கு வந்து, பட்டி எனப்படும் சிறு வாலைக்கூடங்களை ஊர்களின் அருகிலேயே அமைத்தனர். வாசனைத் தொழிலின் புவியியலை அரசர்களின் விருப்பம் தீர்மானித்ததாக எழுதுவது வழக்கம். இங்கே அதைத் தீர்மானித்தது ஒரு பூவின் ஆயுள்.

முறை பழையது. தேக் என்னும் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, மூடியின் இடுக்குகளைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகுத் தீயில் கொதிக்க விடுவர். எழும் ஆவி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே பப்கா என்னும் செம்புக் கலத்துக்குள் செல்லும். பப்கா தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்திருக்கும். அக்கலத்தில் முன்னரே சந்தன எண்ணெய் வைத்திருந்தால் மணம் அதில் படியும், அது அத்தர். சந்தனம் இல்லாமல் பூவின் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் ரூஹ். எண்ணெய் நீங்கிய மணநீர்தான் சமையலறைக்குச் செல்லும் கேவ்டா நீர். ரூஹ் என்றால் அரபியில் ஆன்மா. மணநீரைக் குறிக்கும் அரக் என்பதோ வியர்வை. ஒரே கொப்பரையிலிருந்து ஆன்மாவும் வியர்வையும் பிரிந்து, ஒன்று பொன்னின் அருகிலும் மற்றது மளிகைக் கடை அலமாரியிலும் சென்று சேர்கின்றன.

வியர்வை என்னும் சொல்லைக் கேட்கும்போது பூப்பறிப்போரை நினைக்காமல் இருக்க இயலாது. மழைக்காலமே பெரும் பருவம். விடியுமுன் புதருக்குள் நுழைந்து, முள்ளிலைகளை விலக்கி, உயர்ந்த கிளைகளுக்குத் தொரட்டி நீட்டிப் பறிக்க வேண்டும். பொழுது ஏறினால் மணம் இறங்கும். மணம் இறங்கினால் விலையும் இறங்கும். பறித்தவர் பேரம் பேசக் காத்திருக்க முடியாத சரக்கு இது. வாங்குபவருக்கு இருக்கும் அவகாசம் விற்பவருக்கு இல்லை. அன்றன்றைய விலையைப் பெரும்பாலும் வாலைக்கூடமும் இடைத்தரகரும் வகுப்பதற்கு அடிப்படைக் காரணம் சூழ்ச்சி மட்டுமன்று. பூவின் வேதியியலும் அதற்கு உடந்தை.

அந்த வேதியியலில் மேலும் ஒரு திருப்பம் உண்டு. ரோஜா எண்ணெயில் நூற்றுக்கணக்கான கூறுகள் சேர்ந்து மணக்கின்றன. அதை முழுமையாகப் போலி செய்வது கடினம். தாழம்பூ எண்ணெயிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் அதற்கு மேலும் ஒரே ஒரு சேர்மம்: ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர். ரோஜா மணத்தின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றான ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் இது கிடைத்துவிடும். ரோஜாவுக்கும் தாழைக்கும் இடையே நிற்பது ஒரு கரியணுவும் இரண்டு நீரணுக்களும் என்று சொன்னால் கவிஞர்கள் வருந்தக்கூடும். ஆலையில் இச்சேர்மம் கிலோக் கணக்கில் உருவாகிறது. மழை வேண்டாம், விடியல் வேண்டாம், முள் வேண்டாம். எந்த ஓங்கிய குரல் கேவ்டாவை ஏழையின் அத்தராக்கியதோ, அதுவே அதை எளிதில் போலி செய்யத்தக்கதாகவும் ஆக்கியது.

போலி என்றதும் அதை நவீன காலத்தின் வீழ்ச்சியாகக் கருதுவது பிழை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய 'பிருகத்சம்ஹிதை'யில் கந்தயுக்தி என்றொரு பகுதி உண்டு. 16 மணப்பொருள்களை வெவ்வேறு அளவுகளில் கலந்தால் 1,74,720 வாசனைகள் கிடைக்கும் என்று கணக்கிடும் பகுதி அது. சண்பகப்பூவே சேராமல் சண்பக மணம் கமழும் எண்ணெயை உண்டாக்கும் முறையும் அதே பகுதியில் உள்ளது: மஞ்சிட்டி, கோட்டம், பட்டை முதலியவற்றின் பொடியை எண்ணெயில் இட்டு வெயிலில் காய்ச்ச வேண்டும். மகிழம்பூ மணத்துக்கும் அவ்வாறே வழி சொல்லப்படுகிறது. மலரில்லாமல் மலர்மணம் என்பது இந்நாட்டின் செவ்வியல் கலைகளுள் ஒன்றாகவே இருந்தது. அதை ஏமாற்று என்று எவரும் அன்று கருதவில்லை. வேறுபாடு வேறெங்கோ உள்ளது. வராகமிகிரரின் சண்பக எண்ணெய் பூப்பறிப்பவரின் கூலியை வகுக்கவில்லை. இன்றைய ஈதர் வகுக்கிறது. மழை பொய்த்துப் பூ அரிதாகும் ஆண்டில் இயல்பாக உயர வேண்டிய பூவிலைக்கு, ஆலைச் சேர்மத்தின் விலை ஒரு கூரையாகக் கவிந்துவிடுகிறது.

அடியெண்ணெயிலும் இதே கதை. மரபுப்படி அத்தரின் உடல் சந்தனம். சந்தனமரம் அருகியது, 1998இல் உலக அளவிலான அழியும் அபாயப் பட்டியலில் இடம்பெற்றது, எண்ணெயின் விலை எளியோரின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. அதன் இடத்தைத் திரவப் பாரஃபினும், நெகிழிகளை மென்மையாக்கப் பயன்படும் டை ஆக்டைல் தாலேட்டும் பிடித்தன. இன்று நடைபாதைக் குப்பியில் இருப்பது, பூவும் சந்தனமும் இரண்டும் அற்ற கேவ்டா அத்தராக இருக்கலாம். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. மொழியியலில் குறிப்பான் நிலைத்திருக்கக் குறிப்பீடு நழுவிவிடும் நிகழ்ச்சிகளை விளக்க ஆசிரியர்கள் தொலைதூர எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை.

இந்நிலையிலும் கஞ்சத்தின் வாலைகள் அணையாமல் இருந்ததற்குக் காரணம் பெருமைக்குரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேவ்டாவைப் பெருமளவில் வாங்கியது பான் மசாலா, குட்கா, மெல்லும் புகையிலைத் தொழில். புகையிலையின் காரத்தையும் சுண்ணாம்பின் கடுமையையும் மீறி ஒலிக்க ஓங்கிய மணம் தேவைப்பட்டது. கோயிலுக்கு ஆகாத பூ, புற்றுநோய்க்கு வழிகாட்டும் பொட்டலத்தின் வரவேற்பு மணமாயிற்று. பிறகு சட்டம் வந்தது. நெகிழிப் பொட்டலங்களில் குட்கா விற்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2011 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் உணவுப்பொருளில் புகையிலை சேர்ப்பதை விலக்கின. அவற்றைப் பற்றி 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் முதலாவதாகக் குட்காவைத் தடை செய்தது. 2013 சனவரி முதல் ஒடிசாவும் தடை செய்தது. தடை வேண்டிய ஒன்றே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பொது நலனுக்கான ஒரு சட்டத்தின் விலையில் ஒரு பகுதியை, குட்கா உற்பத்தியில் எந்தப் பங்கும் லாபமும் இல்லாத பூப்பறிப்பவர் செலுத்த நேர்ந்தது. அவருக்கு மாற்று என்ன என்று கேட்கும் பிரிவு எந்த அறிவிக்கையிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே 2013, அக்டோபர் 12 அன்று ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே, அதாவது தாழங்காட்டின் நடுமார்பில், கரையேறியது. தாழையின் தாங்குவேர்கள் மணலைப் பிணைத்துக் காற்றைத் தடுப்பவை. கடற்கரையில் அது விளைபொருள் மட்டுமன்று, அரணும் ஆகும். வீழ்ந்த புதர் மீண்டும் தளிர்க்கும். ஆனால் அது மீண்டும் மடல் விரிக்கும் வரை காத்திருக்கக் கடன் இல்லாத வீடு வேண்டும்.

புதருக்கு மதிப்பு என்ன என்னும் கேள்வி கஞ்சத்தில் முன்பே ஒருமுறை உரக்க எழுந்தது. 1990களின் நடுவில் கோபால்பூர் அருகே பெரும் எஃகாலை ஒன்றுக்கு நிலம் எடுக்க முற்பட்டபோது, ஊரார் எதிர்த்துத் திரண்டனர். அவர்களது முதன்மை வாதங்களுள் ஒன்று தாழம்பூ வருமானம். நெல் விளையாத மணல்மேட்டைப் பயனற்ற நிலம் என்று வருவாய்த் துறையின் சொற்களஞ்சியம் வகைப்படுத்தும். வேலியில் நிற்பது பயிராகாது. விதைக்காதது வேளாண்மை ஆகாது. ஆனால் ஆண்டுதோறும் கைக்குக் காசு தந்த நிலம் அது. அத்திட்டம் அன்று நிறைவேறவில்லை. அதற்குக் காரணங்கள் பல; தாழை மட்டுமே அதைத் தடுத்தது என்று சொல்வது மிகை. ஆயினும் ஒரு வாசனைப் பூவின் வருமானம், எஃகுக்கு எதிரான அரசியல் வாதமாகப் பொதுவெளியில் ஒலித்தது கவனத்துக்குரியது.

1991இல் கன்னோசியில் அமைந்த நறுமண, சுவைமண மேம்பாட்டு மையம் பிரம்மபூரில் ஒரு கிளையை நடத்தி, வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்த முயன்று வருகிறது. கஞ்சத்துத் தாழம்பூவுக்கும் கஞ்சம் கேவ்டா ரூஹுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. குறியீடு பெயரைக் காக்கும். கஞ்சத்தில் வடிக்காததைக் கஞ்சம் கேவ்டா ரூஹ் என்று விற்க முடியாது. ஆனால் வெறும் கேவ்டா என்னும் சொல் எவர் உடைமையும் அன்று. ஆலைச் சேர்மமும் பாரஃபினும் கலந்த குப்பியின் மேல் அச்சொல்லை ஒட்ட எந்தத் தடையும் இல்லை. மலிவுச் சந்தை முழுவதும் அந்த வெறுஞ்சொல்லின் மேல்தான் நடக்கிறது. ஆன்மாவுக்குக் காப்பு உண்டு, வியர்வைக்கு இல்லை.

வாசனைச் சந்தையில் ஈதர் கிலோவில் அளக்கப்படுகிறது. ரூஹ் தோலாவிலும் கிராமிலும் பேசப்படுகிறது. கஞ்சத்து வாலைக்கூடத்தின் வாசலில், மழை ஈரம் சொட்டும் கோணிகளை இறக்கி வைத்துவிட்டுப் பறித்தவர் நிற்கும்போது, பூ இன்றும் எடையில் வாங்கப்படுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணப்படுகிறது.